ஓவியம் திருடு போனால் கேஜிபி ஏன் வருகிறது?

சோவியத் காலத்துத் துப்பறியும் படங்கள் சிலவற்றை அண்மையில் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அருங்காட்சியகத்திலிருந்து ஓர் ஓவியம் காணாமல் போகிறது. போலீஸ் தேடினால் போதாதா? அரசின் பாதுகாப்பு, உளவுத் துறையான கேஜிபியின் அதிகாரி ஏன் நடுவில் வந்து உட்காருகிறார்? இவற்றை வெறும் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடலாமா? பார்ப்பதென்றால் எதில் தொடங்குவது?"

முதல் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1961 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரஷ்யக் குடியரசின் குற்றவியல் சட்டத்தில் குற்றங்களைப் பட்டியலிடும் பகுதி, "அரசுக் குற்றங்கள்" என்ற அத்தியாயத்தோடு தொடங்குகிறது. தேசத்துரோகமும் உளவும் அங்கேதான் இருக்கின்றன. அதே அத்தியாயத்தில், சற்றுத் தள்ளி, 78-ஆவது பிரிவாகக் கடத்தலும் 88-ஆவது பிரிவாக அந்நியச் செலாவணி விதிமீறலும் வருகின்றன. நம் ஊரில் கடத்தல் என்றால் சுங்கத் துறை நினைவுக்கு வரும். சோவியத் நாட்டில் வெளிநாட்டு வணிகம் முழுவதும் 1918 ஏப்ரல் முதலே அரசின் தனியுரிமை. ஆகவே, ஒரு பொருளை அனுமதியின்றி எல்லைக்கு வெளியே கொண்டுபோகிறவன் அரசுக்கு மட்டுமே உரிய தொழிலைச் செய்கிறான். அது வரி ஏய்ப்பாகக் கருதப்படவில்லை. அரசின் அதிகாரத்திலேயே கை வைப்பதாகக் கருதப்பட்டது. இந்த இரண்டு பிரிவுகளிலும் புலன்விசாரணை நடத்தும் உரிமை கேஜிபிக்கு இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், கதை ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது உடனே பிடிபடும். ஓவியம் சுவரைவிட்டு நீங்கியது சாதாரணக் குற்றம். அதை மிலித்சியா என்ற சோவியத் போலீஸ், மாஸ்கோவில் என்றால் பெத்ரோவ்கா 38 என்ற முகவரியில் இருந்த குற்றப் புலனாய்வுத் துறை, கவனிக்கும். அரசுச் சொத்தைப் பெருந்தொகை அளவில் திருடியவருக்கு மரண தண்டனை வரை விதிக்க 1962-இல் சேர்த்த 93-1 என்ற பிரிவு இடம் தந்தது. அப்படியிருந்தும் அது மிலித்சியாவின் வழக்குதான். அந்த ஓவியத்தை வாங்க ஒரு வெளிநாட்டவர் வருகிறார் என்ற செய்தி கிடைத்த கணத்தில் வழக்கின் தன்மை மாறிவிடும். தொலைபேசியின் மறுமுனையில் வேறொரு குரல் கேட்கும். இந்தப் படங்களின் திரைக்கதையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கணத்தை நோக்கிய பயணம்தான்.

திரைக்குப் பின்னாலும் இந்த இரண்டு துறைகள் இருந்தன. மிலித்சியாவைப் பற்றிய படமென்றால் உள்துறை அமைச்சகத்தின் ஆலோசகர் படப்பிடிப்புக் குழுவோடு இருப்பார். பாதுகாப்புத் துறையைப் பற்றிய படமென்றால் கேஜிபி தலைமையகமான லூபியான்காவிலிருந்து ஒருவர் வருவார். 1973-இல் ஒளிபரப்பான "வசந்தத்தின் பதினேழு கணங்கள்" தொடரின் பெயர்ப் பட்டியலில் ஆலோசகராக மிஷின் என்ற ஜெனரலின் பெயர் வரும். அது கேஜிபி துணைத் தலைவர் செம்யோன் த்ஸ்விகுனின் புனைபெயர். ஒவ்வொரு துறையும் தன்னை மக்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பியதோ, அந்த விருப்பம் காட்சிகளில் படிந்திருக்கிறது. மிலித்சியா கர்னல் களைத்திருப்பார், சட்டை கசங்கியிருக்கும், வீட்டில் மனைவி காத்திருப்பாள். பாதுகாப்புத் துறை அதிகாரி களைக்கவே மாட்டார். அளவாகப் பேசுவார், தேநீர்க் குவளையைக்கூட ஓசையின்றி வைப்பார். எது யாருடைய படம் என்பதை நான் பெரும்பாலும் இந்தக் களைப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

கலைப்பொருள் கடத்தல் 1960-களின் இறுதியில் திடீரென்று திரைக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. குருஷ்சேவ் காலத்தில், 1950-களின் கடைசியிலிருந்து 1964 வரை, ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் மூடப்பட்டன. வடக்கு ரஷ்யக் கிராமங்களில் திருவுருவப் பலகைகள், அதாவது மரப்பலகையில் வரைந்த புனிதர் ஓவியங்கள், கேட்பாரற்றுக் கிடந்தன. பீப்பாய்க்கு மூடியாகவும் சன்னலுக்குப் பலகையாகவும்கூட அவை பயன்பட்டன. அவற்றின் மேல் பூசும் ஓலிஃபா என்ற வேகவைத்த எண்ணெய் எண்பது நூறு ஆண்டுகளில் கறுத்துப்போகும். கறுத்ததும் அதன் மேலேயே இன்னொருவர் புதிதாக வரைவார். அதுவும் கறுக்கும். பழுதுபார்ப்பவர் ஒரு மூலையில் விரலகலத்துக்கு மேல்பூச்சை நீக்கிப் பார்த்தால், உள்ளே பதினைந்தாம் நூற்றாண்டின் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். விளாதிமிர் சொலோவுஹின் என்ற எழுத்தாளர் இந்தத் தேடலைப் பற்றி எழுதிய "கறுப்புப் பலகைகள்" 1969-இல் வெளிவந்ததும், படித்த நகரவாசிகளிடையே பலகை சேர்ப்பது ஒரு வேட்கையாகப் பரவியது. அதே ஆண்டுகளில் அரசுச் சுற்றுலா நிறுவனமான இன்டூரிஸ்டின் பேருந்துகளில் மேற்கத்தியப் பயணிகள் வந்து இறங்கினார்கள். ஜீன்ஸுக்கும் டாலருக்கும் பொருள் மாற்றும் ஃபார்த்சாக்காரர்கள் விடுதி வாசல்களில் நின்றார்கள். கிராமத்துப் பாட்டியிடம் ஒரு போத்தல் வோட்காவுக்கு வாங்கிய பலகை ஒரு பயணியின் பெட்டிக்குள் போவதற்கு இரண்டே கைகள் போதும் என்ற நிலை வந்துவிட்டது.

இனி என் மனத்துக்கு நெருக்கமான படத்துக்கு வருகிறேன். மோஸ்ஃபிலிம் 1970-இல் தயாரித்த "புனித லூக்காவின் மீள்வருகை". இயக்கியவர் அனதோலி பப்ரோவ்ஸ்கி. இதன் அடியில் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. படத்தைவிட அந்தச் சம்பவத்தின் முன்கதை வியப்பானது.

டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1625-ஐ ஒட்டி மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்தியாளர்களையும் தனித்தனியே வரைந்தார். மதுக்கடைச் சிரிப்பையும் படைவீரர்களின் விருந்தையும் வரைந்து புகழ்பெற்றவர் வரைந்த அபூர்வமான சமய ஓவியங்கள் அவை. பேரரசி இரண்டாம் கேத்தரின் 1771-இல் நான்கையும் வாங்கினார். 1812-இல், கிரிமியாப் பக்கத்துத் தேவாலயங்களை அலங்கரிக்க என்று, பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் கலைக்கூடத்திலிருந்து தெற்கே அனுப்பிய ஓவியங்களோடு இவையும் போயின. பிறகு தடயமில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. 1950-களின் இறுதியில் ஹெர்மிடாஜ் ஆய்வாளர் இரீனா லின்னிக், இன்றைய உக்ரைனின் ஒடேசாவிலுள்ள மேற்கத்திய, கிழக்கத்தியக் கலை அருங்காட்சியகத்தில், பெயர் தெரியாத பிற்கால ஓவியருடையவை என்று பதிவாகியிருந்த இரண்டு படங்களின் முன் நின்றார். தூரிகையின் வேகம் அவருக்குத் தெரிந்த கையாக இருந்தது. அந்த இரண்டும் ஹால்ஸின் மத்தேயுவும் லூக்காவும் என்று நிறுவினார். கலை வரலாற்றில் இதைவிடச் சிறந்த துப்பறியும் கதை எனக்குத் தெரியாது. அதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெண் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

லூக்கா மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக்காக வந்தது. 1965 மார்ச்சில் அங்கே காணாமல் போனது. இரீனா அன்தோனவா அப்போது இயக்குநர். பதவியேற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதக்கணக்கில் தேடினார்கள். திருடியவன் அதை ஒரு வெளிநாட்டவரிடம் விற்க முயன்றபோதுதான் பிடிபட்டான். ஓவியம் அதே ஆண்டில் மீட்கப்பட்டது. அவன் யார் என்பது தெரிந்தபோது அருங்காட்சியகமே அதிர்ந்தது. அங்கேயே பணிபுரிந்த இளைஞன், ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பிரிவைச் சேர்ந்தவன்.

இப்போது படத்துக்கு வாருங்கள். படத்தில் திருடுபவன் அருங்காட்சியக ஊழியன் அல்லன். "கிராஃப்" என்ற பட்டப்பெயர் கொண்ட மிஹயீல் கராபனவ், சிறை முகாமிலிருந்து தப்பிவந்த பழைய குற்றவாளி. அவனைத் திருடத் தூண்டுபவன் பழம்பொருள் கள்ளச் சந்தையில் புழங்கும் லோஸ்குத்தவ். அவனுக்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து வந்த வாங்குபவன். உண்மையில் குற்றம் அருங்காட்சியகத்தின் உள்ளேயிருந்து எழுந்தது. திரையில் அதை மூன்று வளையங்களாக வெளியே தள்ளிவிட்டார்கள்: சிறை, கள்ளச் சந்தை, அயல்நாடு. பிரச்சாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அது முழக்கங்களில் இல்லை, இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. சோவியத் கல்வி பெற்று, வெள்ளைக் கோட்டு அணிந்து, பஞ்சும் கரைப்பானும் கொண்டு ஓவியங்களைக் காக்கக் கற்றுக்கொண்ட ஓர் இளைஞன் அதே ஓவியத்தை விற்கக் கிளம்பியது ஏன் என்ற கேள்வியை அன்றைய திரையால் கேட்க முடியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது விளாதிஸ்லாவ் த்வர்ஷேத்ஸ்கி என்ற நடிகருக்காக. கராபனவாக நடித்தவர் அவர். பெரிய நெற்றி, ஆழ்ந்த கண்கள், எதையோ இழந்துவிட்டு அதைச் சொல்ல மறுக்கும் முகம். அதே ஆண்டில் வந்த "ஓட்டம்" படத்தில் புரட்சியை எதிர்த்த வெள்ளைப்படையின் தளபதி ஹ்லூதவாக நடித்து நாடு முழுதும் அறியப்பட்டவர். அவருடைய தந்தை வாத்ஸ்லாவும் நடிகர். ஸ்டாலின் காலத்தில் இரண்டு முறை முகாமுக்கு அனுப்பப்பட்டவர். இரண்டாம் முறை அழைத்துச் சென்றபோது மகன் சிறு குழந்தை. அந்த மகன் முகாமிலிருந்து தப்பிவந்தவனாகத் திரையில் நடக்கும்போது, கதை சொல்லாத ஒன்று அவர் நடையில் தெரிகிறது. அவர் 1978-இல், 39 வயதில், சுற்றுப்பயணத்தின் நடுவே மாரடைப்பால் இறந்தார்.

எதிரே கர்னல் சோரினாக விசேவலோத் சனாயெவ். நான் மேலே சொன்ன அந்தக் களைப்பின் இலக்கணம் இவர்தான். மிரட்டமாட்டார், கத்தமாட்டார். ஓவியத்தைப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டார். அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். இந்தக் கர்னல் மக்களுக்குப் பிடித்துப்போய், "கறுப்பு இளவரசன்", "கர்னல் சோரினின் கருதுகோள்" என்று 1978-க்குள் மேலும் இரண்டு படங்களில் வந்தார். அவை தரத்தில் முதலாவதை எட்டவில்லை. கள்ளச் சந்தைக்காரன் லோஸ்குத்தவாக வரும் ஒலெக் பசிலாஷ்விலியைத் தனியாகக் கவனியுங்கள். நல்ல உடை, இனிய பேச்சு, எல்லோரையும் தெரிந்துவைத்திருக்கும் சாமர்த்தியம். அந்தக் காலத்து மாஸ்கோவில் அப்படிப்பட்டவர்கள் கொள்ளையர் கூட்டத்தில் இருக்கவில்லை. நல்ல வரவேற்பறைகளில் இருந்தார்கள். அதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

பாதுகாப்புத் துறையின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்பினால் வேறொரு படம் இருக்கிறது: யூலியன் செம்யோனவின் நாவலைக் கொண்டு, எஸ்தோனியாவின் தாலின்ஃபிலிம் 1975-இல் எடுத்த "பாட்டாளிவர்க்கச் சர்வாதிகாரத்துக்கான வைரங்கள்". இயக்கம் கிரிகோரி குரோமனவ். களம் 1921. அரசு பறிமுதல் செய்த நகை, வைரம், பொன், வெள்ளி எல்லாவற்றையும் சேர்த்துவைக்க 1920 பிப்ரவரியில் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட களஞ்சியம் கோஹ்ரான். அதிலிருந்து கற்கள் கசிந்து ரேவல் நகருக்கு, அதாவது இன்றைய தாலினுக்குப் போகின்றன. அவற்றின் பாதையைக் கண்டறிய இசாயெவ் என்ற இளம் உளவாளியை அனுப்புகிறார்கள். பின்னாளில், மேலே சொன்ன "வசந்தத்தின் பதினேழு கணங்கள்" தொடரில், ஜெர்மன் சீருடையில் ஸ்டிர்லிட்ஸ் என்ற பெயரில் நாடே கொண்டாடிய பாத்திரத்தின் இளமைக்காலம் இது. நடித்தவர் விளாதிமிர் இவாஷொவ்.

கோஹ்ரான் திருட்டும் கற்பனை அன்று. 1921-இல் அது உண்மையாக நடந்தது. விசாரணையை, கேஜிபியின் முன்னோடியான சேக்காவைச் சேர்ந்த கிளெப் போக்கியிடம் ஒப்படைத்தார்கள். மதிப்பீட்டாளர்களில் ஒருவரான ஷெலெஹெஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் கட்சியில் முக்கியமானவராக இருந்தும் அது தடுக்கவில்லை. விசாரித்த போக்கியை 1937-இல் அவர் சேவைசெய்த அதே துறை சுட்டது. நாவலும் படமும் முதல் பாதியைச் சொல்கின்றன. இரண்டாவது பாதியை அன்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் படத்தில் இன்னொரு நேர்மை, அநேகமாக எடுத்தவர்கள் நினைக்காமலே, புகுந்துவிட்டது. ரேவல் திருடர்களின் வழி மட்டுமன்று. 1920-இல் எஸ்தோனியாவோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, சோவியத் அரசே தன் பொன்னை வெளியே விற்கப் பயன்படுத்திய வாசல் அது. தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. அப்படியானால் ஒரே நகரத்தில், ஒரே துறைமுகத்தில், ஒரே மாதிரியான பொருள் இரண்டு கைகளால் வெளியேறியது. ஒரு கை குற்றவாளியின் கை, மற்றது அரசின் கை. படத்தின் தலைப்பே அந்த இரண்டாவது கையை ஒப்புக்கொள்கிறது.

இங்கேதான் என் பதிலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த வகைப் படங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மௌனம் காத்த ஒரு செய்தி உண்டு: ரஷ்யாவின் கலைச் செல்வத்தை மிகப் பெரிய அளவில் நாட்டைவிட்டு வெளியேற்றியது எந்தக் கடத்தல்காரனும் அல்லன், அரசேதான்.

1928 முதல் 1933 வரை, முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்நியச் செலாவணி திரட்ட, "அன்திக்வாரியாத்" என்ற அரசு நிறுவனம் ஹெர்மிடாஜின் சுவர்களைக் காலிசெய்தது. எண்ணெய் வணிகர் கலூஸ்த் குல்பென்கியான் முதலில் வாங்கினார். அவரைத் தொடர்ந்து அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் 1930, 1931 ஆண்டுகளில் 21 ஓவியங்களை ஏறத்தாழ 66 லட்சம் டாலருக்கு வாங்கினார். ரஃபேலின் ஆல்பா மடோன்னா மட்டும் 11,66,400 டாலர். யான் வான் ஐக்கின் "மங்கள வார்த்தை" போனது. டிஷியனின் "கண்ணாடி பார்க்கும் வீனஸ்" போனது. அவை இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தின் முதுகெலும்பாக இருக்கின்றன. விற்பனை ரகசியமாக நடந்தது. உள்நாட்டுப் பத்திரிகைகள் கொர்பச்சேவின் பெரெஸ்த்ரோய்கா சீர்திருத்தம் வரும்வரை வாய் திறக்கவில்லை. ஹெர்மிடாஜின் கிழக்கத்தியப் பிரிவிலிருந்த, பண்டைப் பாரசீகச் சசானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்களுக்கும் கை நீண்டபோது, அங்கே பணிபுரிந்த அறிஞர் யோசிஃப் ஒர்பேலி 1932-இல் நேரே ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது தலையைப் பணயம் வைப்பது. பதில் வந்தது, கிழக்கத்தியப் பிரிவு தப்பியது.

இதை வைத்துப் படங்களைப் பார்த்தால் கோபம் வரும். எனக்கும் வந்தது. "மக்களின் சொத்து" என்று ஒரு பாத்திரம் குரல் தழுதழுக்கச் சொல்லும்போது, ஆல்பா மடோன்னா எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தப் படங்களைப் பார்த்து உருகிய பார்வையாளருக்கு அது தெரியாது. எழுதியவர்களில் பலருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அந்தச் சொல்லை உண்மையாகவே நம்பினார்கள். ஒரு தறி ஆலைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை சில கோப்பெக்குகளுக்கு டிக்கெட் வாங்கி ரெம்பிராண்டின் முன் நிற்கலாம், அந்த ஓவியம் அவளுக்கும் சொந்தம் என்ற நம்பிக்கை பொய்யாக வளர்க்கப்பட்டதன்று. அரசு அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்தது, நம்பியவர்கள் செய்யவில்லை. ஆகவே பிரச்சாரம் என்று ஒரே சொல்லால் இவற்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

புஷ்கின் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லூக்கா காணாமல் போன அந்தக் கட்டடத்தில், அதே நேரத்தில், 1945-இல் பெர்லினிலிருந்து கொண்டுவந்த, பண்டைய திராய் நகரின் பொன் பூட்டிய அறையில் இருந்தது. தொல்லியலாளர் ஷ்லீமன் தோண்டியெடுத்த அந்தப் பொன் இருப்பதையே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1990-களில்தான் உண்மை வெளிவந்தது, 1996-இல்தான் மக்கள் பார்த்தார்கள். அதேபோல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலிருந்து கொண்டுவந்த ஓவியங்களை 1955-இல் பெருமையோடு திருப்பிக்கொடுத்தார்கள். அந்த ஓவியங்கள் மீட்கப்பட்டதைப் பற்றி 1960-இல் "ஐந்து பகல், ஐந்து இரவு" என்ற படமும் வந்தது. திராய் பொன்னைப் பற்றி அப்படியொரு படம் வரவில்லை. கலையும் அரசு ரகசியமும் ஒரே கூரையின் கீழ் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தப் படங்களை வளர்த்தவரின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1966 முதல் 1982 வரை உள்துறை அமைச்சராக இருந்தவர் நிக்கலாய் ஷ்சோலகவ். மிலித்சியாவின் மதிப்பை உயர்த்தத் திரைப்படமும் தொலைக்காட்சியும் வேண்டும் என்று உணர்ந்து, எழுத்தாளர்களையும் நடிகர்களையும் தேடிப்போய் ஆதரித்தவர். நாட்டின் தலைவர் ப்ரெஷ்னெவ் இறந்த மறுமாதமே, 1982 டிசம்பரில், புதிய தலைவரும் முன்னாள் கேஜிபி தலைவருமான அந்திரோபவ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பின்னர் நடந்த ராணுவ வழக்குரைஞர் விசாரணையில், அவரும் குடும்பத்தாரும் சேர்த்துவைத்த ஓவியங்கள், பழம்பொருட்கள், கார்கள் பற்றிய பட்டியல் நீண்டது. குற்றவாளிகளிடமிருந்து பறிமுதலான பொருட்களும் அதில் இருந்ததாகக் குற்றம் சுமத்தினார்கள். வழக்கு நீதிமன்றம் செல்லவில்லை. 1983 பிப்ரவரியில் மனைவி தன்னைச் சுட்டுக்கொண்டார். 1984 டிசம்பரில் அவரும் அப்படியே முடிந்தார். குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அந்திரோபவின் பழைய பகை என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். ஆனால் கர்னல் சோரினை நேசித்த மக்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அவர் காலத்தில் வளர்ந்ததுதான் "புலனாய்வை நடத்துவோர் வல்லுநர்கள்" என்ற தொலைக்காட்சித் தொடர். 1971 முதல் 1989 வரை 22 கதைகள். எழுதியவர்கள் லாவ்ரவ் தம்பதியர். ஸ்நமென்ஸ்கி, தோமின், கிப்ரித் என்ற மூன்று பாத்திரங்களின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "ஸ்நதோகி", அதாவது வல்லுநர்கள் என்று பெயரிட்டார்கள். இவர்களில் கிப்ரித் தடயவியல் நிபுணரான பெண். 1979-இல் வந்த "வெள்ளரிக்காயுடன் மேய்ப்புச் சிறுவன்" என்ற கதை போலிக் கலைப்பொருட்களைப் பற்றியது. ஜார் மன்னர்களின் நகைக்கலைஞர் ஃபபெர்ஷேயின் நகைகளைப் போலவே செய்யத் தெரிந்த கைவினைஞனும் அவனைப் பயன்படுத்துபவர்களும் வருகிறார்கள். இந்தத் தொடர் மெதுவாக நகரும். காட்சிகள் பெரும்பாலும் அரங்கத்துக்குள் எடுத்தவை. பொறுமை வேண்டும். ஆனால் திருடனைவிடப் போலி செய்பவன் ஏன் ஆழமான பாத்திரம் என்பதை அது காட்டுகிறது: அவனுக்கும் அந்தப் பொருளின் மேல் காதல் இருக்கிறது, கையில் உண்மையான திறமை இருக்கிறது, அதற்கு அவன் காலத்தில் இடமில்லை.

வைனர் சகோதரர்களின் நாவலைக் கொண்டு 1987-இல் வந்த "மினோத்தாரைக் காணப் போதல்" ஐந்து பகுதிகள். மாஸ்கோவில் ஒரு புகழ்பெற்ற இசைக்கலைஞரின் வீட்டிலிருந்து ஸ்த்ராதிவாரி வயலின் திருடு போகிறது. இன்னொரு இழையில் இத்தாலியின் கிரெமோனாவில் அந்த வயலினைச் செய்த ஸ்த்ராதிவாரியின் வாழ்க்கை ஓடுகிறது. இதைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சோவியத் நாட்டில் இப்படிப்பட்ட அரிய வாத்தியங்கள் அரசுத் தொகுப்புக்கு உரியவை. கலைஞருக்கு அவை வாசிக்கக் கொடுக்கப்பட்டவை மட்டுமே. வீட்டில் நடந்த திருட்டும் அதனால் அரசுச் சொத்துத் திருட்டாகிவிடுகிறது.

கேஜிபியை மையமாகக் கொண்ட படங்களில் கலைப்பொருள் பெரும்பாலும் வேறொன்றுக்கான மறைப்புதான். ஆகவே அவற்றை விரைவாகக் கடக்கிறேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன்: 1968-இல் வெனியமின் தோர்மன் இயக்கிய "ரெசிடென்டின் பிழை". அயல்நாட்டு உளவாளி துல்யெவாக நடித்தவர் கியோர்கி ஜ்ஜோனவ். 1938-இல் உளவுக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாகி, கலிமாவின் சிறை முகாம்களில் ஆண்டுகளைக் கழித்து, 1955-இல்தான் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர் அவர். பொய்யாக உளவாளி என்று தண்டிக்கப்பட்ட மனிதர், திரையில் உளவாளியாக வந்து, விசாரணை அதிகாரியின் எதிரே அமர்கிறார். அந்தக் காட்சிகளில் அவர் கண்களைப் பாருங்கள். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இன்னொரு விந்தை. இதே ஆண்டுகளில் நகைச்சுவைப் படங்களும் இந்தப் பொருளையே கையில் எடுத்தன. இயக்குநர் லியோனித் கய்தாயின் "வைரக் கை" நகைகளை மாவுக்கட்டுக்குள் வைத்துக் கடத்துவதைப் பற்றியது. 1971-இல் வந்த "அதிர்ஷ்டத்தின் கனவான்கள்" மாவீரன் அலெக்சாந்தரின் பொன் தலைக்கவசம் திருடு போனதைப் பற்றியது. அதே ஆண்டில் எல்தார் ரியாசானவின் "கிழட்டுக் கொள்ளையர்" படத்தில், ஓய்வு கொடுத்து அனுப்பப்பட இருக்கும் புலனாய்வாளரைக் காப்பாற்ற அவரும் நண்பரும் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு ரெம்பிராண்டைத் தூக்கிவருகிறார்கள். யாருமே கவனிக்கவில்லை. கர்னல் சோரின் சொல்ல முடியாத உண்மையை அந்த இரண்டு கிழவர்களும் சொல்லிவிடுகிறார்கள்: காவல் அவ்வளவு பலவீனமாக இருந்தது, பார்ப்பவர்கள் அவ்வளவு பழகிப்போயிருந்தார்கள்.

இந்தப் படங்கள் எதைக் கருவூலமாக மதித்தன என்பதையும் கவனியுங்கள். டச்சு ஓவியம், திருவுருவப் பலகை, ஃபபெர்ஷே, வைரம். மலேவிச், தாத்லின், பப்போவா போன்ற ரஷ்ய நவீன ஓவியர்களின் படைப்பு திருடு போனதாக ஒரு கதைகூட நான் பார்த்ததில்லை. அவற்றைத் தேடித் தேடிக் காத்தவர் மாஸ்கோவில் கனடாத் தூதரகத்தில் பணிபுரிந்த கிரேக்கர் கியோர்கி கஸ்தாகி. 1977-இல் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது, தொகுப்பின் பெரும்பகுதியைத் திரெத்யாகோவ் காட்சியகத்துக்கு விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. திரையில் தனியார் சேகரிப்பாளர் எப்போதும் சந்தேகத்துக்குரியவர். வாழ்க்கையில் அவர்களில் ஒருவர்தான் ஒரு தலைமுறையின் ஓவியங்களை அழியாமல் காத்தார்.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். "புனித லூக்கா"வில் தொடங்குங்கள். அடுத்து "கிழட்டுக் கொள்ளையர்" பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று திருத்தும். பிறகு தாலின்ஃபிலிமின் வைரங்கள். அந்த மூன்றும் பிடித்திருந்தால் மற்றவற்றுக்குப் போகலாம்.

ஹால்ஸின் நான்கு நற்செய்தியாளர்களைப் பற்றிய செய்தி இன்னும் பாக்கியிருக்கிறது. யோவான் 1997-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனார். மாற்கு பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்டு, 2013-இல் அதே புஷ்கின் அருங்காட்சியகத்தை அடைந்தார். மீட்கப்பட்ட லூக்கா ஒடேசாவுக்குத் திரும்பி, மத்தேயுவின் அருகில் அமர்ந்தார். 2008-இல் அந்த ஒடேசா அருங்காட்சியகத்தில் மறுபடியும் திருட்டு நடந்தது. கரவாஜியோவின் பெயரோடு தொடர்புடைய "கிறிஸ்து கைதாதல்" ஓவியத்தைக் கொண்டுபோனார்கள். 2010-இல் அது பெர்லினில் அகப்பட்டது. 2022-இல் ஒடேசாமீது ஏவுகணைகள் விழத் தொடங்கியதும், ஊழியர்கள் ஓவியங்களைச் சட்டங்களிலிருந்து கழற்றிப் பொதிந்து மறைத்தார்கள். பிறகு அவற்றில் அறுபது எல்லையைத் தாண்டி, தாள்களும் முத்திரைகளும் சரியாக இருக்க, பெர்லின் சென்று சேர்ந்தன. 2025 ஜனவரியில் பெர்லின் ஓவியக் காட்சியகத்தில் அவை மக்கள்முன் வைக்கப்பட்டன. ஃபிரான்ஸ் ஹால்ஸின் கையும் அங்கே சுவரில் இருந்தது.